ஓட்டை இல்லாத பை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. பரணிலிருந்து ஒரு பையை இறக்கினேன். தூசி தட்டினேன். 'எப்படிப் பத்திரமா வச்சிருக்கேன் பாத்தியா!' என்று மனைவி எஸ்தரைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜிப்பை இழுத்தேன்.

வந்தது பாருங்கள் ஒரு வாடை!

நனைந்த கோணிச்சாக்கைச் சுருட்டி மூலையில் போட்டு மறந்துபோனால் ஒரு வாடை வருமே... அதேதான். எஸ்தர் மூக்கைப் பொத்தவில்லை. நேராகக் கையை உள்ளே விட்டு ஒரு பூட்ஸை வெளியே எடுத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். கறுப்பு மெத்தை முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை.

சனிக்கிழமை காலையில் அவள் காஷ்மீருக்குக் கிளம்ப வேண்டும். அந்தப் பூட்ஸோடு.

சரி, முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், 'தூத்துக்குடிக்காரனுக்கு எதுக்குய்யா பனிச்சறுக்குப் பூட்ஸ்?' என்று கடிதம் போடுவீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் ஐஸ் என்றால் அது மீன் மேலே கொட்டுவது. ஸ்வெட்டர் என்றால் ஊட்டிக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்குவது.

எஸ்தர் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். நாசரேத்துக்காரி. கல்லூரி நாளில் தடை ஓட்டத்தில் மாவட்ட அளவில் ஓடியவள். இருபது வயதில், ஒரு பயிற்சியின்போது, வலது கணுக்கால் எலும்பு முறிந்தது. சேர்ந்தது... ஆனால் கோணலாகச் சேர்ந்தது. இன்றும் அந்த இடத்தில் ஓர் எலும்பு கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். அதோடு ஓட்டம் போச்சு. அதற்குப் பிறகு விசிலும் ஸ்டாப் வாட்ச்சுமாக அடுத்தவர் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் யாரோ ஒரு தகவலை வாட்ஸப்பில் அனுப்பினார்கள். காஷ்மீரில் பனிச்சறுக்குப் பயிற்சி முகாம், பதினான்கு நாள், ஆசிரியர்களும் சேரலாம். நான் சிரித்தேன். அவள் விண்ணப்பம் போட்டாள்.

முதல் மூன்று நாள் நரகம். முகாமில் வாடகைக்குக் கொடுத்த பூட்ஸ் அந்தத் துருத்திய எலும்பில் போய் இடித்தது. சாக்ஸில் ரத்தம். அழுதுகொண்டே போன் பண்ணினாள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? "பேசாம கெளம்பி வந்துரு" என்றேன். உலகத்தில் பாதிக் கணவன்மார் சொல்லக்கூடியது அது ஒன்றுதானே!

நல்லவேளை, அங்கே இருந்த பயிற்சியாளர் என்னை மாதிரி இல்லை. வேலையை விட்டுப் போன ஒரு பெண் பயிற்சியாளரின் பழைய பூட்ஸைத் தேடி எடுத்தார். ஸ்கீ பூட்ஸ் என்பது இரண்டு பாகம். வெளியே தடித்த பிளாஸ்டிக் கூடு. உள்ளே, தனியே கழற்றி எடுக்கக்கூடிய மெத்தை - லைனர் என்கிறார்கள். அந்த லைனரை ஒரு மிஷினில் சூடு பண்ணி, எஸ்தரை அதற்குள் காலை விட்டுப் பத்து நிமிஷம் நிற்க வைத்தார். கோணல் எலும்பு உட்பட அவள் கால் எப்படியோ, அப்படியே அச்சு விழுந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் மறுபடி போன். இதுவும் அழுகைதான். ஆனால் வேறு அழுகை.

"இருவத்தி நாலு வருஷத்துக்குப் பெறவு இந்தக் காலு என் பேச்சக் கேக்குங்க!"

அந்தப் பூட்ஸைக் காசு கொடுத்து அவளே வாங்கிக்கொண்டாள். இந்த வருஷம் அடுத்த கட்டப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அந்தப் பயிற்சிக்கு வயது வரம்பு நாற்பத்தைந்து. எஸ்தருக்கு இப்போது நாற்பத்தைந்து. அடுத்த வருஷம் அவர்களே கூப்பிட்டாலும் சேர்க்க முடியாது.

இப்போது புரிகிறதா, அந்த வாடைக்கு நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்று?

அது மட்டும் இல்லை. பூட்ஸை அந்தக் கதிக்கு ஆளாக்கியது யார்? வேறு யார்... அடியேன்தான்.

எனக்குத் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் வேலை என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். முப்பது வருஷமாகக் கன்டெய்னரோடு குடும்பம் நடத்துகிறேன். சரக்கு ஏற்றும் முன்னால் காலிக் கன்டெய்னரில் நாங்கள் ஒரு சோதனை செய்வோம். ஓர் ஆள் உள்ளே போய் நிற்பான். வெளியிலிருந்து கதவைச் சாத்துவோம். கும்மிருட்டில் எங்கேயாவது ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அந்தக் கன்டெய்னர் வேண்டாம், திருப்பி அனுப்பு. வெளிச்சம் வருகிற வழியில் தண்ணீர் வரும். லைட் டெஸ்ட் என்று பெயர். எனக்கு அது வேதவாக்கு.

எஸ்தர் முகாமிலிருந்தே சொல்லியிருந்தாள். "பூட்ஸ் ரெண்டும் சேந்து நாலு கிலோ வருது. தோள்ல மாட்டுத மாதிரி ஒரு பை பாத்து வையுங்க. அடுத்த தடவ இத லக்கேஜ்ல போட மாட்டேன். தொலஞ்சா என் காலுக்கு வேற பூட்ஸ் கெடையாது. விமானத்துக்குள்ள கூடவே கொண்டு போவணும்."

விடுவேனா? வீட்டில் ஆள் இல்லாத தைரியத்தில் ராத்திரி பகலாக வீடியோ பார்த்தேன். பனியைக் கண்ணால் பார்க்காத ஒருவன் ஸ்கீ பூட்ஸ் பை விஷயத்தில் இவ்வளவு ஞானம் அடைந்தது தென்மாவட்டங்களில் நானாகத்தான் இருக்கும். சாதாரண முதுகுப்பை உதவாது - மேல் வாய் வழியாக அந்தப் பூட்ஸ் இறங்காது. பக்கத்துக்கு ஒன்றாகத் தனித்தனி அறை வேண்டும். நடுவில் ஹெல்மெட், கையுறை. அடிப்பக்கம் தடிப்பாக, நிறுத்தி வைத்தால் நிற்க வேண்டும். இடுப்பில் ஒரு பெல்ட், பாரம் தோளை அறுக்காமல் இருக்க. எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போவது சின்ன விமானம், தலைக்கு மேலே உள்ள அறையும் சின்னது. டேப் வைத்து அளந்து, அதற்குள் அடங்கும் பையாக இரண்டைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் பை - பக்கவாட்டில் வலை. அடியில் பித்தளை வளையம் வைத்த ஓட்டைகள், அறைக்கு நான்கு. இரண்டாவது பை - தையலே தெரியாது. ஜிப்புக்கு மேலே ரப்பர் பட்டி. கடலில் தூக்கிப் போட்டாலும் உள்ளே சொட்டுத் தண்ணி போகாது என்று விளம்பரம்.

"ஓட்ட உள்ளதத்தான் இங்க எல்லாரும் வச்சிருக்காங்க" என்றாள் எஸ்தர், போனில்.

"காசக் குடுத்து ஓட்டப் பை வாங்கச் சொல்லுதியா?"

"அது எதுக்குன்னா..."

சிக்னல் போய்விட்டது. விதி!

இரண்டையும் வரவழைத்தேன், பிடிக்காததைத் திருப்பி அனுப்பலாமே. உச்சி வெயில் நேரம், வீட்டு வாசலில் நின்று முதல் பைக்குள் தலையை விட்டு, கழுத்து வரை ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டேன். வாசகர்களே, சிரிக்காதீர்கள். லைட் டெஸ்ட்! அறையின் நான்கு ஓட்டையிலும் சூரியன் பளிச்சென்று தெரிந்தது. ஃபெயில். இரண்டாவது பைக்குள் தலையை விட்டேன். கும்மிருட்டு. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

உள்ளே இருக்கும்போதே ஒரு குரல் கேட்டது. பிடிக்காத பையை எடுத்துப்போக நான் முன்பே வரச் சொல்லியிருந்த கூரியர்காரர்.

"சார்... ரிட்டர்ன் எடுக்கணும். பையை மட்டுமா, உங்களையும் சேத்தா?"

ஓட்டைப் பையைக் கொடுத்து அனுப்பினேன்.

எஸ்தர் வந்து சேர்ந்தாள். பூட்ஸைச் சாக்கில் கட்டி லக்கேஜில் போட்டிருந்தாள். அது வழியில் எங்கேயோ தங்கி, இரண்டு நாள் கழித்து வந்தது. அன்றைக்கு அவளுக்குப் பள்ளியில் பரீட்சை டூட்டி. "நல்லா காய வச்சிட்டு உள்ள போடுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

நான் பூட்ஸைத் தட்டிப் பார்த்தேன். டொக் டொக். காய்ந்த பிளாஸ்டிக். அப்புறம் என்ன காயவைக்க? கடல் காற்று வேறு வீசிக்கொண்டிருந்தது. உப்புக் காற்று பட்டால் பூட்ஸை இறுக்கும் இரும்புப் பக்கிள் எல்லாம் துருப்பிடித்துவிடாதா? அவசர அவசரமாக உள்ளே வைத்து, ஜிப்பை இழுத்து, ரப்பர் பட்டியை அமுக்கி, பரணில் ஏற்றினேன். பத்து மாதம்.

பை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. லைனருக்குள் ஊறிக் கிடந்த பனித் தண்ணீரில் ஒரு சொட்டு வெளியே வரவும் இல்லை.

இதில் எனக்கு வெட்கம் எங்கே தெரியுமா? மிளகாய் வத்தல் ஏற்றுமதி செய்கிறவர்களிடம் வருஷம் முழுக்கத் தொண்டை வறளச் சொல்லுகிறவன் நான். 'அண்ணாச்சி, ஈரத்தோட மூடாதிய. கன்டெய்னரு உள்ளுக்குள்ள வேத்துரும். சரக்கு பூத்துப் போவும்.' ஊருக்கெல்லாம் சொன்னேன். என் வீட்டுச் சரக்கை நானே ஈரத்தோடு மூடினேன்.

ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை. எஸ்தர் கையில் பூட்ஸ். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"லைட் டெஸ்ட் பாஸ்தான?"

அவ்வளவுதான் கேட்டாள். நாலு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பூட்ஸைத் திருப்பிப் பார்த்தபடி, யாருக்கோ சொல்வது மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "இன்னொரு தடவ அந்த வாடக பூட்ஸ்ல என்னால நிக்க முடியாதுங்க."

இரண்டு பூட்ஸையும் அள்ளிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். நம் ஊர் வெயிலுக்கு எந்தப் பூஞ்சை தாங்கும்?

"வெயில்ல வைக்காதிய!" பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள். "சூடு பட்டா அச்சு போயிரும்! போட்டுட்டு இங்கன வாங்க!"

எது செய்தாலும் தப்பு. அந்தோணிக்குப் போன் போட்டேன்.

அந்தோணி எங்கள் சரக்குக் கிடங்கின் சூப்பர்வைசர். திரேஸ்புரத்துக்காரன். நனைந்த மூட்டையை மோந்து பார்த்தே அது எத்தனை நாள் ஈரம் என்று சொல்லிவிடுவான். பைக்கில் வந்து இறங்கினான். பூட்ஸை மூக்கருகே கொண்டுபோனான்.

"மாதாவே! அண்ணாச்சி, இது ஈரத்தோட மூடுன சரக்குல்லா?"

"ஆமா."

"எந்தக் கூறுகெட்டவன் மூடுனது?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். எஸ்தர் என்னைப் பார்த்தாள். அந்தோணி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பாவம், அவனால் சிரிக்கவும் முடியவில்லை, அடக்கவும் முடியவில்லை.

பிறகு வேலையில் இறங்கினான். துருப்பிடித்த பக்கிளைப் பழைய பல் துலக்கும் பிரஷாலும் ரெண்டு சொட்டு எண்ணெயாலும் சரிப்படுத்தினான். எஸ்தர் லைனர்களை உருவி எடுத்தாள். வினிகரைத் தண்ணீரில் கலந்து, மெல்லிய துணியால் குழந்தைக்கு முகம் துடைப்பது மாதிரி துடைத்தாள். பூஞ்சை போனது, கறை கொஞ்சம் நின்றது. நிற்கட்டும்.

"இப்ப உள்ளுக்குள்ள பேப்பரத் திணிங்க அக்கா. மணிக்கொரு தடவ மாத்தணும்."

வீட்டில் அதிகமாக இருந்த பேப்பர் எது? என் பத்தி வந்த பழைய இதழ்கள்தான். ஒவ்வொன்றாகக் கசக்கி உள்ளே திணித்தாள், கொஞ்சம் அழுத்தமாகவே. 'உங்கள் எழுத்தால் சமுதாயத்துக்கு என்ன பயன்?' என்று அடிக்கடி கேட்கும் வாசகருக்கு இதன் மூலம் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

புதன் முழுக்க நிழலில், இரண்டு ஃபேனுக்கு நடுவில். வியாழக்கிழமை நான் தொட்டுப் பார்த்து, "காஞ்சிட்டு" என்றேன். ஒருவரும் என்னை நம்பவில்லை. அந்தோணி இரண்டு விரலை லைனரின் நுனி வரை விட்டுத் துழாவினான். "உள்ள ஈரம் இன்னும் கெடக்கு அண்ணாச்சி."

கன்டெய்னருக்குள் தொங்கவிடுவோமே, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சுகிற பை - அதில் நாலை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கிவந்தான். அரிசி டிரம்மைக் காலி செய்தோம். லைனர்களை உள்ளே வைத்து, அந்தப் பைகளைத் தொங்கவிட்டு, மூடியை இறுக்கினோம். ஒரு டிரம்மைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து மூடியையே பார்த்துக்கொண்டிருந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் திறந்தோம். ஈரம் குடித்த பைகள் கொழகொழவென்று கனத்திருந்தன. எஸ்தர் லைனரைக் கூட்டில் பொருத்தினாள். சுடிதாரோடு, ஹாலின் நடுவில், வலது காலை உள்ளே விட்டாள். பக்கிளை மாட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. முழங்காலை முன்னால் மடக்கி, பாரம் முழுவதையும் அந்தக் காலில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

நானும் அந்தோணியும் அவள் முகத்தையே பார்த்தோம்.

"அச்சு அப்பிடியே இருக்கு" என்றாள்.

"ஸ்தோத்திரம்!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ கப்பல் தாமதம், எத்தனையோ கஸ்டம்ஸ் சிக்கல் பார்த்தாயிற்று. நாலு நாளாக நெஞ்சில் இருந்த கல் மாதிரி எதுவும் இருந்ததில்லை. எஸ்தர் என்னைப் பார்த்துச் சிரித்தாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு.

ஆனால் பை? நாளைக்குக் காலையில் விமானம். அங்கே பதினான்கு நாளும் பனியில் நனைந்த பூட்ஸை இதே கும்மிருட்டுக்குள் வைத்து மூடுவதா? புதுப் பை வரவழைக்க நேரமில்லை. ஒரு பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறினோம். பள்ளிப் பை விற்கும் அண்ணாச்சி ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மனுசன் போடுததா, ரோபோ போடுததா?"

எந்தப் பையிலும் அது நுழையவில்லை. சோர்ந்துபோய் வெளியே வந்தபோது அந்தோணிதான் சொன்னான். "அண்ணாச்சி, அளவெல்லாம் சரியாத்தான எடுத்திருக்கிய. அந்தப் பைக்கே கண்ணு போட்டுருவோம்."

லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் கடைக்குப் போனோம். கயிறு கோக்கத் தார்ப்பாயின் ஓரத்தில் பித்தளைக் கண் அடிப்பார்களே, அது. என் அருமைப் பையைக் கட்டைமேல் விரித்தார் கடைக்காரர்.

"புதுப் பையா இருக்கு! எதுக்கு ஓட்ட?"

"தண்ணி வெளிய போவணும்" என்றேன். முப்பது வருஷ சர்வீஸில் என் வாயிலிருந்து வராத வாக்கியம்.

அறைக்கு நான்கு. மொத்தம் எட்டு அடி. முதல் அடிக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். எட்டாவது அடிக்கு நானே சுத்தியலைக் கேட்டு வாங்கி அடித்தேன்.

அதனால் சொல்கிறேன், வீட்டில் கால்பந்து ஆடுகிற பிள்ளையோ, ஷட்டில் ஆடுகிற மருமகளோ இருந்தால், பை வாங்கும்போது நிறத்தையும் ஜிப்பையும் மட்டும் பார்க்காதீர்கள். வேர்த்தது எந்த வழியாக வெளியே போகும் என்று கேளுங்கள். 'பத்திரமா வச்சிருக்கேன்' என்று நாம் மூடி வைத்ததில் எத்தனையோ, உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போயிருக்கின்றன. எல்லாமே பூட்ஸ் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை பையை முதுகில் மாட்டிக்கொண்டு எஸ்தர் விமானம் ஏறினாள். பை, தலைக்கு மேலே உள்ள அறையில் கச்சிதமாக அடங்கியதாம். என் டேப்பாவது ஒழுங்காக வேலை செய்திருக்கிறது.

முதல் நாள் போனில், 'எலும்புல இடிக்குதா?' என்று கேட்டேன். "இடிக்கல." இரண்டாம் நாள். "இடிக்கல." ஐந்தாம் நாள் கேட்பதற்குள் அவளே, "இடிக்கலங்க, போய் வேலயப் பாருங்க" என்றாள்.

போன வெள்ளிக்கிழமை கடைசிச் சோதனை. பனிச்சரிவின் மேலேயிருந்து கொடிகளைச் சுற்றிச் சுற்றி விழாமல் கீழே வர வேண்டும். கிடங்கில் நின்றிருந்தபோது போன் வந்தது. மூச்சு வாங்கியது அவளுக்கு.

"பாஸுங்க! ஒரு எடத்துலயும் விழல. எனக்குப் பின்னால வந்த பையனுக்கு இருவத்தி மூணு வயசு, அவன் ரெண்டு தடவ விழுந்துட்டான்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு மூட்டைக்குப் பின்னால் போய் நின்றேன். முதல்முறை "கெளம்பி வந்துரு" என்று சொன்னவனும் நான்தானே.

"என்னங்க... இருக்கியளா?"

"இருக்கேன். ஞாயித்துக்கிழம ஏர்போர்ட்டுக்கு வாரேன்."

"வாங்க. பூட்ஸ் நல்லா நனஞ்சிருக்கு" என்றாள் எஸ்தர். "தூக்குத வேலை உங்களுக்கு. மூடுத வேலை எனக்கு."